முதுகு காட்டி நின்ற ஏழு பேர்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, அதை யாரும் சீண்டுவதில்லை. இருபத்தெட்டு வருடமாக எக்ஸ்ரே அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, "மூச்ச நல்லா இழுங்க... பிடிங்க... ம், விடுங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை சொல்கிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? டாக்டர்களே மூச்சக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

அவளுடைய வேலையில் இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் நிறுத்தி விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

முதலாவது, வலது இடது. நெஞ்சுப் படம் எடுக்கும்போது ஆள் படமெடுக்கும் பலகையில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நிற்பார். ஆனால் படம் திரைக்கு வந்ததும், அந்த ஆள் நம் எதிரே நம்மைப் பார்த்து நிற்கிற மாதிரிதான் அதை வைத்துப் பார்க்க வேண்டும். அதாவது படத்தின் இடது ஓரம் ஆளின் வலது பக்கம். இது உலகம் முழுக்க ஒரே சட்டம். இந்த இருபத்தெட்டு வருடத்தில் மூச்சக்கா ஒரு தடவைகூடப் பக்கம் மாற்றிக் குறித்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. ஒருமுறை புதிதாக வந்த சின்ன டாக்டர் படத்தைத் திருப்பி மாட்டிவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றபோது, "டாக்டர், அவருக்கும் இதயம் இடது பக்கம்தாங்க இருக்கு" என்று பணிவாகச் சொன்னாள். அந்த டாக்டர் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் வேறு வழியாகப் போகிறார்.

இரண்டாவது விஷயம், வாய். படம் அவள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். எலும்பு விரிசல் விட்டிருக்கிறதா, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா, அதைவிட மோசமாக ஏதாவதா, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியது டாக்டர். சட்டையைப் போட்டுக்கொண்டே, "என்னம்மா, ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்பார்கள். அவள் முகத்தை வெள்ளைத் தாளாக வைத்துக்கொண்டு, "டாக்டர் பாத்துச் சொல்லுவார்" என்பாள். நல்ல செய்திக்கும் அதே பதில், கெட்ட செய்திக்கும் அதே பதில். சில நாள் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. தெரிந்ததைச் சொல்லாமல் சுமப்பது என்ன பாரம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் மாஸ்டர். வீட்டிலும் தெருவிலும் அவர் மாஸ்டர்தான். மாஸ்டர் வாயில் எதுவும் தங்காது. சினிமாவுக்குப் போனால், இடைவேளை விடுவதற்குள் கொலைகாரன் யார் என்று பக்கத்து இருக்கைக்கு அறிவித்துவிடுவார். மனைவியின் பிறந்த நாளுக்கு ரகசியமாக ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே, "உனக்கு நான் வாட்ச்செல்லாம் ஒண்ணும் வாங்கலம்மா" என்றார். மகளுக்கு வேலை கிடைத்தது மகளுக்குத் தெரிவதற்கு முன்பே எதிர் வீட்டுக்குத் தெரிந்திருந்தது. அப்படி ஒரு மனிதர்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. மாணவர் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக். இருபது வருடம் அதன்மேல் காலை வைத்து வைத்து, யார் ஓட்டுகிற வண்டியில் ஏறினாலும், ஆபத்து என்று தோன்றினால் அவர் வலது கால் தரையை மிதிக்கும். பேருந்தில் மிதிப்பார். ஒருமுறை விமானம் இறங்கும்போது மிதித்தார்.

மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போனபோது தன் வீடியோ கேம் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். மூன்று மாதம் அது டிவிக்குக் கீழே தூசி தின்றது. ஒரு நாள் துடைக்கப்போன மூச்சக்காவின் கை எங்கோ பட்டு, டிவியில் ஒரு கடற்கரை வந்தது. அலைச் சத்தம். தூரத்தில் ஒரு கல் வீடு. ஆள் அரவம் இல்லை. இதைச் செய், அதைச் செய் என்று ஒரு வரிகூட இல்லை. அவள் துடைக்கும் துணியோடு பத்து நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு சமையலறையைப் பார்த்து, "ஏங்க, இங்க வாங்க. இந்த வீட்டுக்குள்ள போகணும் போல இருக்கு" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பொத்தான் கருவி மாஸ்டர் கையில். மூச்சக்கா பிடித்தால் விளையாட்டில் நாம் நடத்துகிற ஆள் சுவரில் போய் முட்டுகிறான், அவளுக்கும் தலை சுற்றுகிறது. ஆகவே ஓட்டுவது அவர், வழி சொல்வது அவள். பழைய பதிவேடு ஒன்றில் அந்த வீட்டின் அறைகளை ஒவ்வொன்றாக வரைந்தாள். சாயங்காலம் ஆறரைக்கு டீ டம்ளரோடு உட்கார்ந்தால் எட்டு மணி வரை.

நீங்கள் சிரிக்கலாம். அந்த விளையாட்டில் சுடுவதும் கிடையாது, வெட்டுவதும் கிடையாது. பூட்டிய வீடு, அதைச் சுற்றி வர வேண்டும், பார்க்க வேண்டும், யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். மாடியில் ஒரு கடிகார அறை இருந்தது. ஐந்து மணிகள், எதை எந்த வரிசையில் அடிப்பது என்று தெரியவில்லை. நான்கு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் மூச்சக்கா வீட்டில் குழாயடியில் பாத்திரம் கழுவும்போது, அந்த வீட்டின் படிகள் ஒவ்வொன்றும் ஏறும்போது வேறு வேறு சத்தம் போடுவது ஞாபகம் வந்தது. கை ஈரத்தோடு ஓடிவந்தாள். படியின் சத்தத்துக்கு ஏற்ப மணியை அடித்தார்கள். கதவு திறந்தது. மூச்சக்கா கூடத்தில் ஒரு குதி குதித்தாள் பாருங்கள், கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து ஏதாவது விழுந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அந்தச் சந்தோஷம் என்னவென்று அவளே மாஸ்டரிடம் சொன்னாள். "ஆஸ்பத்திரில எனக்கு விடை தெரிஞ்சாலும் அது என்னோடது இல்லீங்க. டாக்டர் வாயிலேர்ந்துதான் வரணும். இது நானே பாத்து, நானே கண்டுபிடிச்சு, நானே வாயைத் தொறந்து சொல்றேன். அதுக்குக் கதவு தொறக்குது. இந்த வயசுல எனக்கு இது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா?"

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டாள். யாரிடமும் கேட்கக் கூடாது, இன்டர்நெட்டில் தேடக் கூடாது. இந்த விளையாட்டை ஏற்கெனவே முடித்துவிட்ட மகள் போனில், "அம்மா, மாட்டிக்கிட்டா கேளு" என்றபோது, "நீ ஒரு வார்த்தை சொன்னே, போனை வெச்சிடுவேன்" என்றாள். மாஸ்டரையும் ஒரு பார்வை பார்த்தாள். "உங்களுக்கும்தான். தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது." மாஸ்டர் பயபக்தியோடு தலையாட்டினார்.

பிறகுதான் அந்தச் சுரங்கம் வந்தது.

வீட்டின் அடியில் ஒரு பாதை. அது ஏழு இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு இடத்திலும் வலதா இடதா என்று ஒரு பக்கம் போக வேண்டும். ஏழாவது திருப்பம் தாண்டினால் ஓர் இரும்புக் கதவு. ஏழும் சரியென்றால் திறக்கும். ஒன்று தப்பினாலும் கடல் தண்ணீர் உள்ளே வந்து, ஆளை அடித்துக்கொண்டு போய் முதல் கடற்கரையில் போட்டுவிடும். எது தப்பு என்று அது சொல்லாது. அங்கிருந்து திரும்ப நடந்து வரப் பத்து நிமிடம்.

துப்பு எங்கே என்பதை மூச்சக்கா முதல் நாளே கண்டுபிடித்தாள். சாப்பாட்டு அறைச் சுவரில் ஏழு படங்கள் வரிசையாகத் தொங்கின. அந்த வீட்டில் வாழ்ந்த ஏழு பேர். ஒருத்தர் முகமும் தெரியாது. எல்லோரும் நமக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு கையில் விளக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

"விளக்கு எந்தக் கையில இருக்கோ, அந்தப் பக்கம் திரும்பணும்!" என்றாள்.

"அடேயப்பா! உன் மூளையே மூளை" என்றார் மாஸ்டர், மனதார.

அவள் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மளமளவென்று குறித்தாள். முதல் ஆள் வலது கை. இரண்டாவது ஆள் இடது, மூன்றாவதும் இடது. நாலாவது வலது. யோசிக்கவே இல்லை, இருபத்தெட்டு வருடக் கை அது. சுரங்கத்துக்குப் போனார்கள், ஏழு திருப்பம் திரும்பினார்கள், கதவு முன்னால் போய் நின்றார்கள்.

தண்ணீர் வந்தது.

வரிசைதான் தப்பு என்று முடிவு கட்டினாள் மூச்சக்கா. உயரமானவரிலிருந்து குள்ளமானவர் வரை போனார்கள், தண்ணீர் வந்தது. கடைசியிலிருந்து முதலுக்குப் போனார்கள், தண்ணீர் வந்தது. விளக்கின் அளவு, தலைமுடியின் நரை, நிற்கிற இடத்துக் கடலின் நிறம் என்று எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்தாள். ஒவ்வொரு தடவையும் அதே பாழாய்ப்போன கடற்கரை, அங்கே விடாமல் கத்துகிற அதே பறவை, அதே பத்து நிமிட நடை. "இந்தப் பறவையைப் பிடிச்சுக் கழுத்தைத் திருகணும்" என்று மாஸ்டர் கருவியைத் தலையணைமேல் வீசினார். மூச்சக்கா பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துத் துப்பினாள். இந்த விளையாட்டைச் செய்தவன் வீட்டில் விளக்கெரியாமல் போகட்டும் என்றுகூடச் சொன்னாள். சொல்லிவிட்டு மறுநாள் ஆறரைக்கு முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

இதில் ஒரு வேடிக்கை. அவள் சந்தேகப்படாத விஷயமே இல்லை, ஒன்றைத் தவிர.

இரண்டாவது வாரம், மாஸ்டரே ஒரு நாள் மெல்ல ஆரம்பித்தார். "ஏம்மா, அந்தக் கையெல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கே?"

மூச்சக்கா பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "யாருகிட்ட கேக்கறீங்க? எனக்கு ரைட்டு லெஃப்ட்டு சொல்லித் தரப் போறீங்களா?"

"சேச்சே, சும்மா கேட்டேன்" என்று மாஸ்டர் டீயைக் குடித்தார். அது காலி டம்ளர்.

அந்த வாரத்திலிருந்து மாஸ்டர் கொஞ்சம் அமைதியாகிவிட்டார். தோல்வியில் மனுஷன் சோர்ந்துபோனார் என்று நினைத்தாள் அவள். சுரங்கத்தில் திரும்பும்போது அவர் கால் வேறு தரையை மிதிக்க ஆரம்பித்தது. ஒரு திருப்பத்தில் மிதிக்கும், ஒன்றில் சும்மா இருக்கும், அடுத்ததில் மறுபடி மிதிக்கும்.

"ஓட்டறதே நீங்கதானே, அப்புறம் எதுக்குப் பிரேக்கு?" என்று சிரித்தாள்.

"பழக்கம்மா. கால் கேக்க மாட்டேங்குது" என்றார்.

இப்படியே ஏழு வாரம் ஓடியது. அப்போதுதான் மகள் போன் செய்தாள். புது வீட்டில் டிவி வாங்கிவிட்டாளாம், ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறாளாம். "அம்மா, இன்னும் அந்தச் சுரங்கத்துலதான் இருக்கியா? ஒரே ஒரு சின்னத் துப்பு சொல்லட்டுமா?"

மூச்சக்கா போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகு அவளுக்கு அழுகை வந்தது. ஒரு விளையாட்டுக்கு அழுவார்களா என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். ஆனாலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி போய்விடும், விடை யாரோ ஒருவர் வாயிலிருந்து வரும், அதற்கும் அவள் தலையாட்ட வேண்டியதுதான். அவளுக்கு அது வேண்டாம். இந்த ஒன்றாவது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அத்தனை ஆசைப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் நடக்கவில்லை. நாற்பத்து மூன்றாவது தடவையாகத் தண்ணீர் வந்தது. மாஸ்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குப் பாக்கலாம்மா" என்றார்.

சனிக்கிழமை காலை எக்ஸ்ரே அறையில் நல்ல கூட்டம். பதினோரு மணிக்கு ஒரு தையல்காரர் வந்தார், ஒரு மாதமாக இருமல். பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொன்னாள், முகவாயைத் தூக்கி வைக்கச் சொன்னாள், கையை இடுப்பில் வைக்கச் சொன்னாள். "ஆடாதீங்க. திரும்பாதீங்க" என்று கண்ணாடிக்குப் பின்னால் போனாள். "மூச்ச நல்லா இழுங்க... பிடிங்க."

பொத்தானை அழுத்தப் போகும்போது, அந்த மனிதர் இடது கையை மெல்ல மேலே தூக்கினார். கையில் தண்ணீர் பாட்டில். அதை எங்கும் வைக்காமல் இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்திருக்கிறார் போல, அது விலாவில் குத்தியிருக்க வேண்டும். பேச முடியாது, மூச்சைப் பிடித்திருக்கிறார். திரும்ப முடியாது, திரும்பாதே என்று சொல்லியிருக்கிறாள். ஆகவே முதுகைக் காட்டியபடியே, இதை என்ன செய்வது என்று கேட்கிற மாதிரி, பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூச்சக்கா பார்த்தாள். முதுகு. தூக்கிய கை. அவருக்கு அது இடது கை. அவளுடைய இடது கைப் பக்கமும் அதுதான்.

அவள் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். ஆமாம், ஒரே பக்கம்தான். முதுகு காட்டி நிற்கிற ஆளுக்கும் நமக்கும் வலது இடது ஒன்றேதான். அதைத் திருப்பிப் போட வேண்டியது எக்ஸ்ரே படத்தில். சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்குவது எக்ஸ்ரே இல்லையே! சுவரில் தொங்கியதும், படம் என்று பார்த்ததும், இந்தக் கை தன்பாட்டில் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டது. ஏழு பேருக்கும். இருபத்தெட்டு வருடம் பக்கம் மாறாதவள், ஏழு வாரம் பக்கம் மாற்றிப் போயிருக்கிறாள்.

"அட கிறுக்கி!" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள், கொஞ்சம் சத்தமாகவே.

பலகையடியிலிருந்து மூக்கால் ஒரு முனகல் வந்தது. தையல்காரரின் காது மடல்கள் சிவந்துவிட்டன. அப்போதுதான், இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக, 'விடுங்க' என்று சொல்ல மறந்தது அவளுக்கு உறைத்தது.

"ஐயையோ, விடுங்க, விடுங்க!"

அவர் புஸ்ஸென்று விட்டார். பாட்டிலை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு ஒழுங்காகப் படத்தை எடுத்தாள். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டே எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "என்னம்மா, ஏதாச்சும் தெரியுதா?"

"தெரியுதுங்க!" என்றாள் மூச்சக்கா, முகமெல்லாம் சிரிப்பாக. அவர் முகம் வெளிறியதைப் பார்த்துத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, உங்களுக்கு இல்லீங்க. இது எங்க வீட்டு விஷயம். உங்களுக்கு டாக்டர் பாத்துச் சொல்லுவார்."

அன்றைய மிச்ச நேரத்தை எப்படி ஓட்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. சாயங்காலம் மாஸ்டர் செருப்பைக் கழற்றுவதற்குள் டிவியைப் போட்டுவிட்டாள். "உக்காருங்க. எதுவும் கேக்காதீங்க. முதல் நாள் போன வரிசையிலயே போகப் போறோம். ஆனா வலதுன்னு எழுதினதெல்லாம் இடது, இடதுன்னு எழுதினதெல்லாம் வலது."

மாஸ்டர் எதுவும் கேட்கவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. உட்கார்ந்து கருவியை எடுத்தார்.

கடற்கரை, பறவை, பத்து நிமிடம். சுரங்கம்.

"இடது" என்றாள். திரும்பினார்.

"வலது."

"வலது."

"இடது."

ஏழாவது திருப்பமும் முடிந்து இரும்புக் கதவின் முன்னால் நின்றார்கள். தண்ணீர் வரவில்லை. உள்ளே எங்கோ சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு கதவு மெதுவாக, ஏழு வாரம் காக்க வைத்த கதவு, மிக மெதுவாகத் திறந்தது.

"தொறந்துடுச்சு!" என்று கத்தினாள் மூச்சக்கா. கத்தியபடியே மாஸ்டரைக் கட்டிக்கொண்டாள். "நான் கண்டுபிடிச்சேன்! ஏங்க, நானே கண்டுபிடிச்சேன்!" எக்ஸ்ரே, முதுகு, பாட்டில், தையல்காரர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மாஸ்டர், "அப்படியா! அடேயப்பா!" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வண்டி ஓட்டும் பரீட்சையில் மாணவர் தேறி வரும்போது வாசலில் நிற்கிற மாஸ்டரின் முகம் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்திருக்கிறாள். அந்த முகம் இப்போது இங்கே இருந்தது.

கொஞ்சம் பொறுங்கள். அந்த முகத்தில் ஆச்சரியம் அல்லவா இருக்க வேண்டும்?

மூச்சக்கா பேசுவதை நிறுத்தினாள். குனிந்து அவர் காலைப் பார்த்தாள். வலது கால் தரையில் சாதுவாகக் கிடந்தது.

"ஏங்க."

"ம்?"

"இன்னிக்கு ஏழு திருப்பத்துல ஒண்ணுலகூட நீங்க பிரேக்க மிதிக்கலையே."

மாஸ்டரும் தன் காலைக் குனிந்து பார்த்தார், ஏதோ கூட இருந்தே காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பது போல.

"எப்போ பாத்தீங்க?"

"எதை?"

"ஏங்க..."

மாஸ்டர் கருவியைக் கீழே வைத்தார். "ரெண்டாவது வாரம். செவ்வாக்கெழமை. ஓட்ட வர வேண்டிய பையன் வரல. வண்டில சும்மா உக்காந்திருந்தேன், கை பாட்டுக்கு போனுல தேடிடுச்சு. தப்புதான்."

"அப்ப அதுக்கப்புறம் தெரிஞ்சேவா தண்ணில போய் விழுந்தீங்க?"

"முப்பத்தாறு தடவ."

அவளுக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. சட்டத்தை மீறிவிட்டாரே! ஆனால் அந்தக் கோபம் அவள் வாய்வரைகூட வரவில்லை. முப்பத்தாறு தடவை பத்து நிமிட நடை. அந்தப் பறவை. வாட்ச் வாங்கவில்லை என்று வாசலிலேயே உளறின மனுஷன். "ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"நீதானே தெரிஞ்சாலும் சொல்லக் கூடாதுன்னே" என்றார் மாஸ்டர். "வயிறு வெடிச்சுடும் போல இருந்துச்சும்மா. நேத்து நீ பென்சிலைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே, அப்ப சொல்லியே இருப்பேன். ஒருநாள் தாங்காம, வண்டில கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டுட்டு, 'கை மாறிப் போச்சு, கை மாறிப் போச்சு'ன்னு தனியா கத்திப் பாத்தேன். அதுக்கப்புறம்தான் மூச்சு வந்துச்சு."

மூச்சக்கா சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிரம்பிவிட்டது, துடைக்கவும் இல்லை. இருபத்தெட்டு வருடமாக எத்தனையோ பேருக்காக அவள் தெரிந்ததை வாய்க்குள் வைத்துச் சுமந்திருக்கிறாள். அவளுக்காக ஒருவர் அப்படிச் சுமந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் இந்த மனுஷன்.

டிவியில் கதவுக்கு அந்தப் பக்கம் படிகள் இறங்கின. கீழே ஒரு சின்னப் படகு. கடலில், தூரத்தில், இன்னொரு தீவு. அதில் இதைவிடப் பெரிய வீடு.

"அடக் கடவுளே, இன்னொண்ணா!" என்றார் மாஸ்டர். பிறகு தயங்கினார். "நாளைக்குப் பொண்ணு வந்து பெட்டியைக் கேட்டா என்ன சொல்றது?"

"டாக்டர் பாத்துச் சொல்லுவார்னு சொல்லுங்க" என்று மூச்சக்கா பதிவேட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

மாஸ்டர் கருவியைக் கையில் எடுத்தார். "இந்தத் தடவ நான் பாக்கவே மாட்டேம்மா. சத்தியமா."

"பாப்பீங்க. எனக்குத் தெரியாதா? பாத்துட்டுப் போங்க." அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே அவர் காலைக் காட்டினாள். "அதை மட்டும் மடக்கிச் சம்மணம் போட்டு உக்காருங்க. அது ரொம்பப் பேசுது."

மாஸ்டர் இரண்டு காலையும் சோபாவின் மேல் ஏற்றிச் சம்மணம் போட்டுக்கொண்டார். படகு கிளம்பியது.